மூன்றாம் அங்கத்தில் மகள் ஸ்டேஷனுக்குப் போகிறாள்

...ஆக, மூன்றாம் அங்கத்தை இன்றைக்கு நடத்தாமல் இருக்க என்னதான் வழி, எனக்குக் காய்ச்சல் வரலாம், வரவில்லை, தீயணைப்புப் பயிற்சி வரலாம், அது போன வாரமே வந்துபோய்விட்டது, பிள்ளைகள் புத்தகத்தை மறந்துவிட்டு வரலாம், எட்டு வாரமாக ஏழு பேரில் இரண்டு பேரிடம்தான் புத்தகம் இருந்தது, இன்றைக்குப் பார்த்து ஏழு பேரும் கொண்டுவந்திருக்கிறார்கள், இந்தத் தம்போய் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? நான் தற்காலிக ஆசிரியர். பிரசவ விடுப்பில் போயிருக்கும் யோகேஸ்வரி டீச்சரின் நாற்காலியில், அவர் எழுதிவைத்துப்போன திட்டத்தின்படி, ஐந்தாம் படிவத்துக்கு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு, ஆங்கில இலக்கியம். ஏழு பேரும் நம் தமிழ்ப் பிள்ளைகள், சட்டப்படி வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், சட்டம் தலைமையாசிரியர் நடமாடும் வரைதான். ஒன்பதாவது வாரம், புதன்கிழமை, மூன்றாம் அங்கம் என்று டீச்சர் பச்சை மையில் எழுதியிருக்கிறார், கீழே, நோக்கம்: மறைத்த உண்மை வெளிப்படும் தருணத்தை மாணவர்கள் உணர்வார்கள். உணர்வார்களாம். ஜன்னலோரம் இரண்டாவது மேசையில் ஷர்மினி பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள், அவள் எதையும் உணர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் நோக்கம், அதை எந்த மையில் எழுதுவது?

நாடகம் ஒன்றும் சிக்கலானதில்லை. பனி கொட்டும் ஏதோ ஓர் அமெரிக்க ஊர், ஆலையில் ஒரு காவலாளி, வேலை போய்விடுகிறது, வீட்டில் சொல்லவில்லை, தினமும் காலையில் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார், ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் திரும்புகிறார். முதல் அங்கத்தில் நமக்குத் தெரிகிறது, இரண்டாவதில் ஊருக்குத் தெரிகிறது, மூன்றாவதில் மகள் ஸ்டேஷனுக்குப் போய் அவரைப் பார்த்து 'அப்பா' என்று கூப்பிடுகிறாள், அப்புறம் ஒரு ரயில் வருகிறது. உலகமே பார்த்து அழுத நாடகம் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, வியர்த்தது. ஏனென்றால் தெப்ராவில் நான் ஒரு மாமாக் கடைக்கு, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, மேலே அறை எடுத்திருக்கிறேன், மூன்று வாரமாகக் காலை ஆறே முக்காலுக்குக் கீழே இறங்கினால் செல்லப்பன் அங்கே உட்கார்ந்திருக்கிறார், பெயர் தைத்த நீலச் சட்டை, சிங்கப்பூர்க் கம்பெனியுடையது, முன்னால் ஒரு கிளாஸ் தே ஓ, பாலில்லாத தேநீர், ஹெல்மெட்டுக்குத் தனி நாற்காலி. ஷர்மினியின் அப்பா, முதல் மாதம் கோயிலில் அவளே அறிமுகப்படுத்தியவர். நாலரைக்கே மோட்டாரில் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போயிருக்க வேண்டிய மனிதர். பள்ளி விட்டு இரண்டரைக்குத் திரும்பினால் அதே நாற்காலி, அதே கிளாஸ், சனிக்கிழமையும் அப்படியே, டியூட்டி சுத்தம். முதல் நாள் "லீவு சார்" என்றார். மூன்றாம் நாள் "லீவு கொஞ்சம் நீண்டுருச்சு சார்" என்றார். ஐந்தாம் நாள் எதிரே உட்காரச் சொன்னார். "வேல பெர்மிட்ட புதுப்பிக்கல சார். வீட்டுக்குத் தெரியாது. தம்போய் ஆளுங்க இந்தப் பக்கம் வர மாட்டாங்கன்னுதான் இங்க வர்றேன், நீங்க இருப்பீங்கன்னு எனக்கு என்ன தெரியும்? பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிராதீங்க." சரி என்றேன். ஏன் சரி என்றேன்? இருபத்து நாலு வயதுக்காரனை ஐம்பதை நெருங்கும் மனிதர் சார் சார் என்று கெஞ்சினால் வாயில் வேறு எந்தச் சொல் வரும்... கல்லூரியில் இதற்கெல்லாம் ஒரு பாடம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை, கரும்பலகையை எப்படித் துடைப்பது என்பதற்கு வைத்திருந்தார்கள்.

கவின் நாடகத்து அப்பாவின் வசனத்தைப் படிக்கிறான், விமான நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில். பாதியில் நிறுத்துகிறான். "சார், இந்தாளு பேசாம கிராப் டாக்ஸி ஓட்டலாம்ல?" அது எண்பது வருடத்துக்கு முந்தைய கதை என்கிறேன். "அலமாக், அப்ப மோட்டார்ல சாப்பாடு டெலிவரி?" பின்னாலிருந்து பிரேமளா, "பனியில வழுக்கும்லா, மண்டையா!" ஏழு பேரும் சிரிக்கிறார்கள், இல்லை, ஆறு பேர்தான், ஷர்மினி பென்சிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அல்லது அவள் எப்போதுமே சிரிக்காத பெண்ணா, எட்டு வாரத்தில் ஒருமுறையாவது சிரித்திருக்கிறாளா, கவனித்தேனா? இந்த ஏழு பேரில் ஐந்து பேரின் அப்பாக்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வருகிறவர்கள், பெற்றோர் சந்திப்புக்கு ஒருவரும் வந்ததில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதும் இல்லை. வேலை இருந்தாலும் வர மாட்டார்கள், இல்லாவிட்டாலும் வர மாட்டார்கள், ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான ஊர் அந்த அமெரிக்கக் காவலாளிக்குக் கிடைத்திருக்காது... சரி, தைரியமாக இரு, தொண்டையைச் செருமு. "பக்கம் அறுபத்தொன்றுக்குப் போலாம்," என்றேன், அங்கே இறுதிச் சடங்கு, எல்லாரும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்பார்கள்.

"சார், அம்பத்தி நாலுலேருந்து விட்டுட்டீங்க." ஷர்மினி. அது பரீட்சைக்கு வராது என்றேன். "போன வருஷம் வந்துச்சு சார். பதினஞ்சு மார்க்." வந்ததா? வந்திருக்கிறது, டீச்சரின் பச்சை மையே சொல்கிறது, பக்கத்தில் நட்சத்திரம் வேறு. "மகள் வசனத்த நான் படிக்கிறேன் சார்." வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், நாற்பது நிமிடத்தில் இருபத்தாறு போயிருக்கிறது, நான் காரணம் தேடி முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள், ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், பெஞ்சைப் பார்க்கிறாள், நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். கூப்பிட வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டாள். கவின் தன் முறைக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான். "சார், ஒரு டவுட்டு. இவ ஏன் கூப்புடறா? பாத்துட்டா, சரி. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? கூப்பிட்டதாலதான அவரு போய் விழறாரு." பிரேமளா திரும்பி, "அப்ப தெரிஞ்சும் சும்மா இருக்கணுமா?" "தெரியாத மாதிரி இருந்துட்டுப் போறது. அதுல என்னா கஷ்டம்?" என்றாள் ஷர்மினி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். விடைக் குறிப்பில் இருக்கிறது, மகள் உண்மையின் குரல், குற்றம் சமூகத்துடையது, இரண்டு மேற்கோள், ஒரு முடிவுரை, அதை அப்படியே ஒப்பித்தேன், சொல்லச் சொல்ல என் குரல் கவினுடையதைவிட மோசமாக இருந்தது, ஷர்மினி எழுதிக்கொள்ளவில்லை. மற்ற ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள். இவளுக்குத் தெரியுமா? தெரியாது, நாடகத்தைத்தானே கேட்கிறாள், புத்திசாலிப் பெண், புத்திசாலிகள் இப்படித்தான் கேட்பார்கள், டீச்சர் இருந்தால் நட்சத்திரம் போட்டிருப்பார்...

மணி அடித்தது, ஆறு பேர் ஓடினார்கள், ஒருத்தி மேசை முன்னால் நின்றாள். "சார், நீங்க தெப்ராவ்ல அந்த மாமாக் கடை மேலதான இருக்கீங்க?" ஆமாம் என்றேன். "போன சனிக்கிழமை பஸ்ஸுல போறப்ப பாத்தேன். அப்பாவும் நீங்களும் உக்காந்திருந்தீங்க. நான் கூப்பிடல." ஏதோ சொல்ல வேண்டும், ஆசிரியர் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று. "ஷர்மினி, அவரு..." "தெரியும் சார். அதுக்கு முன்னாடியே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ராத்திரி வந்தா ரெண்டு தட்டு சாப்பிடறாரு. கம்பெனியிலயே மதியம் போட்டுருவாங்க, அதனால அம்மா எப்பவுமே கட்டிக் குடுத்தது இல்ல. இப்பப் போயி கட்டிக் குடுன்னு கேட்டா அம்மாவுக்கு டவுட்டு வந்துரும், அதான் கேக்க மாட்றாரு." பையைத் தோளில் மாட்டினாள். "அவருக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க சார். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க." நான் சரி என்பதற்குள் போய்விட்டாள், அடுத்த வகுப்புக் கூட்டம் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது, "சார், உள்ள வரலாமா சார்?", வரட்டும், நிற்கட்டும்... நான் கேட்காமலா இருந்தேன், தினமும் கேட்டேன், இரண்டரை மணிக்கு அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டி சானாயைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் முக்கியபடியே கேட்டேன், சாப்பிடுங்க அங்கிள், என்று. "கம்பெனிலயே ஆச்சு சார், வயிறு ஃபுல்லு," என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த ரொட்டிக்குச் சொல்லுவேன். கம்பெனி வேலையே இல்லை என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அப்புறம் கம்பெனிச் சாப்பாட்டை மட்டும் மூன்று வாரமாக எப்படி நம்பினேன்?