சத்தமாகப் படித்தவள்

பட்டறைக்காரருக்குக் காது பாதி போய்விட்டது. வருஷக்கணக்காகத் தகரத்தைத் தட்டித் தட்டிப் பெட்டி செய்ததன் பலன். மிச்சமிருந்த பாதிக் காது ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டது: மூத்த மகள் படிக்கிறாளா என்று கண்காணிக்க.

முன்னறையில் பட்டறை, உள்ளறையில் படிப்பு, நடுவே ஒரு திரைச்சீலை. சுத்தியலைத் தாண்டி மகளின் குரல் கேட்டால் படிக்கிறாள், கேட்காவிட்டால் ஏமாற்றுகிறாள். அவருடைய கல்விக் கொள்கை அவ்வளவுதான்.

"வாயைத் திறந்து படிடி! மனசுக்குள்ள படிக்கிறவ மனக்கோட்டைதான் கட்டுவா!"

அவள் கத்துவாள். தெருவே சேர்ந்து ஒளிச்சேர்க்கை படிக்கும். எதிர்க்கடைக் கறிக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஏ ரேடியோ, இதயத்துக்கு அறை நாலுன்னு நேத்து சொன்னியே, இன்னிக்கும் நாலுதானா? இல்ல மேல கட்டிட்டாங்களா?" என்பார். ரேடியோ என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் அறிவியல் டீச்சர் சொன்னது வேறு. "ஒரு பாடம் படிச்சதும் புத்தகத்தை மூடுங்க. ஞாபகத்துலேர்ந்து எழுதுங்க. அப்புறம் திறந்து, எங்க விட்டீங்கன்னு பாருங்க. வெறுமனே கத்துறதுக்குக் கிளி போதும், நீங்க வேண்டாம்."

அப்பா ஆணி வாங்கப் போயிருந்த ஒரு நாள், ரேடியோ காந்தவியல் பாடத்தை அப்படிப் படித்துப் பார்த்தாள். முதலில் பாதிதான் வந்தது. விட்டதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். வந்துவிட்டது! சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, பாடம் தானாக நடந்து வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த பாடத்தைப் படித்துப் புத்தகத்தை மூடினாள். திரைச்சீலை விலகியது.

"மூடின புத்தகத்துல என்ன தெரியுது? உன் மாப்பிள்ளை மூஞ்சியா?"

"டீச்சர்தான்ப்பா..."

தகரம் அளக்கும் இரும்புச் சட்டம் முழங்கையில் இறங்கியது. அம்மா ஓடிவந்தாள்.

"ஐயோ, பரீட்சை எழுதுற பிள்ளைங்க!"

"தெரியும். அதான் இடது கையில போட்டேன்."

அந்தப் பரீட்சை சாதாரணப் பரீட்சை இல்லை. விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வு. இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, கட்டில் எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் பட்டறையில் தகரம் பிடிக்க வேண்டியதுதான். அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு தடவைதான் எழுதலாம்.

தேர்வு மண்டபத்தில் முதல் கேள்வியைப் பார்த்ததும் ரேடியோவுக்கு நம்பிக்கை வந்தது. தெரிந்த கேள்வி. ஆனால் பதில் வரவில்லை. அது மனத்தில் இல்லை, தொண்டையில் இருந்தது. உதட்டை அசைத்தாள்; ஒரு வரி வந்தது. முணுமுணுத்தாள், இன்னொரு வரி வந்தது. குரலைத் தாழ்த்தினால் அறுந்தது, உயர்த்தினால் தொடர்ந்தது.

மேற்பார்வை பார்த்த அம்மாள் வந்து நின்றாள். "யாருக்கும்மா சொல்லிக்குடுக்கிற?"

"எனக்குத்தான் மிஸ். சத்தம் இல்லாட்டி வராது."

மண்டபமே சிரித்தது.

"கச்சேரியெல்லாம் வீட்டுல வெச்சுக்க. வாயை மூடிட்டு எழுது."

இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காந்தவியலில் ஒரு கேள்வி இருந்தது. அது மட்டும் சத்தமே இல்லாமல் வரிவரியாக வந்து இறங்கியது. அதற்கடுத்த கேள்வியில் மறுபடி இருட்டு. கடிகாரம் ஓடியது. பதற்றத்தில் வாயிலிருந்து கை நழுவியது. ஒரு முழு விடையையும் கத்தியே சொல்லிவிட்டாள். பின்னால் இருந்தவள் அதைச் சமர்த்தாக எழுதிக்கொண்டாள். விடைத்தாளைப் பிடுங்கியது ரேடியோவிடமிருந்துதான்.

வீட்டில் அப்பா பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"இன்னும் சத்தமாப் படிச்சிருந்தா உள்ள ஏறியிருக்கும். ஏறாததுதான் வாய் வழியா வழிஞ்சிருக்கு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கையுறையை எடுத்து அவள் மடியில் போட்டார்.

அடுத்த வாரத்துக்குள், கையுறையையும் மீறி, அவளுடைய விரல்கள் கீறல் விழுந்து தடித்துவிட்டன. ஒரு நாள் அப்பா பெட்டி கொண்டுகொடுக்கப் போயிருந்தபோது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுத்த வருஷம் நான் எழுதணும். உனக்கு அந்தக் காந்தப் பாடம் மட்டும் நல்லா வந்துச்சுன்னு சொன்னியே, அதை மட்டும் எப்படிக்கா படிச்சே?"

ரேடியோ தங்கையின் விரல்களைப் பார்த்தாள். மை பட்ட, மெத்தென்ற விரல்கள். இவள் மட்டும் கட்டிலும் சாப்பாடும் தேடி விடுதிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் மிச்சம் யார்? தானும் சுத்தியலும்.

"அதைத்தான்டி எல்லாத்தையும் விட அதிகமாக் கத்தினேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அக்கா தன்னிடம் பொய் சொன்னதே இல்லை என்பது சின்னவளுக்குத் தெரியும். உள்ளே ஓடிப்போய், புத்தகத்தை விரித்து வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.