அத்தானின் வாய்

அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, சில மாதமாக வாயில் எச்சில் ஒழுகுகிறது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓயாமல் பேசுகிற மனிதர், இப்போது பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வயசாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அக்கா போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில்தான் வாசம். எச்சில் படுமென்று பேரனைத் தூக்கவே விடுவதில்லை. "டாக்டர் சரி பண்ணட்டும், அப்புறம் தூக்கட்டும்" என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். காட்டப் போவதே எச்சிலை. அதற்கு அக்கா மகன் செய்த ஏற்பாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். மழமழவென்று ஷேவிங், இஸ்திரி போட்ட சட்டை, காரிலிருந்து இறங்குவதற்குள் டிஷ்யூ டப்பாவே காலி.

"அப்பா, டாக்டர் முன்னாடி வாய இறுக்க மூடிக்கோங்க. மானம் போயிரும்."

பல்வலிக்காரனைப் பல்லை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்ன கதைதான்.

வரிசையில் காத்திருந்தபோது குழந்தை மருமகளின் தோளெல்லாம் வழியவிட்டது. "செல்லத்துக்குப் பல்லு முளைக்குது" என்று முத்தம் கொடுத்துத் துடைத்தாள். அத்தானுடைய எச்சிலுக்கு மட்டும் ஸ்பெஷலிஸ்ட்.

டாக்டரம்மா வறண்ட மோவாயைப் பார்த்தார்.

"எங்க ஒழுகுது?"

அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு மகனைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் திறங்க அத்தான். இவன் மானத்த நான் பாத்துக்கறேன்."

திறந்தார். சட்டை நனைந்தது. டாக்டரம்மா பல், நாக்கு, கழுத்து எல்லாம் பார்த்தார். வாயில் பஞ்சுருளை வைத்து எடுத்து எடை போட்டார். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்துக் கவனித்தார்.

"எச்சில் எல்லாருக்கும் ஊறுற அளவுதான் ஊறுது. இவர் விழுங்குறதுதான் மந்தமா இருக்கு. என்ன மாத்திரை சாப்பிடுறாரு?"

"சத்து மாத்திரை" என்றான் மகன்.

"காட்டுங்க."

மென்று விழுங்கிக்கொண்டே பையிலிருந்து எடுத்தான். டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மனநோய்க்குக் குடுக்கற மருந்து. யார் எழுதினது?"

"மருந்துக் கடையில என் ஃபிரண்டு குடுத்தான். சாப்பிட்டா அமைதியா இருப்பாருன்னு..."

"எதுக்கு அமைதி?"

"ரொம்பப் பேசுறாரு டாக்டர். ஃபேன் ஏன் ஓடுது, பால் ஏன் மிச்சம்னு ஒரே கேள்வி."

பாவி, பெற்ற அப்பனுக்கா.

"இதனாலதான் ஒழுகுது. படிப்படியாக் குறைச்சு நிறுத்திரலாம், சரியாயிரும்" என்றார் டாக்டரம்மா.

நான் யாரையும் கேட்கவில்லை. மருமகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கி அத்தானின் மடியில் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அதன் மேல் ஒரு சொட்டுக்கூட விழாதபடி முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகன் அதைப் பார்க்கவில்லை. மேசை மேல் குனிந்து டாக்டரம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்தினா மறுபடியும் பேசுவாரா டாக்டர்? பாதி மாத்திரையாவது குடுக்கலாமா?"