மேஸ்திரி பூசின பள்ளத்தாக்கு

கடலுக்கு அடியில பள்ளத்தாக்கு இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நான் நம்பல. எனக்கு ஊரு சாத்தூர் பக்கம், கடலையே பாத்ததில்ல. எண்பத்தொம்பதுல தாம்பரத்துல ஒரு காலேஜ் லேப்ல அட்டெண்டரா சேந்தப்புறம் தபீதாள் மேடம்தான் சொன்னாங்க. ஆத்து மண்ணு கரையோரமா கடலுக்குள்ள குமியும், ஒருநாள் சரியும், சேறா அடியிலயே ஓடும். அந்த ஓட்டம்தான் பள்ளத்த அறுக்குதாம். அத ஒரு கண்ணாடித் தொட்டியில செஞ்சு காட்டினாத்தான் அவங்களுக்கு டாக்டர் பட்டம்.

தொட்டிக்குள்ள களிமண்ணும் மணலும் கலந்து சரிவு கட்டினது அனகாபுத்தூர் சுப்பராயலு மேஸ்திரி. தண்ணிய நிரப்பிட்டு மேடம் மேல இருந்து சேத்த ஊத்தினாங்க. அது அடியில புகை மாதிரி உருண்டு போச்சு. சரிவுல ஒரு கீறல்கூட விழல. திரும்பத் திரும்ப ஊத்தியும் அப்படியேதான்.

எச்.ஓ.டி. லக்ஷ்மிநாராயணன் சார் எட்டிப் பாத்தார்.

"நாளைக்குக் காலைல வரேம்மா. அப்பவும் அறுக்கலைன்னா தொட்டி சிவில் டிபார்ட்மெண்ட்காரங்களுக்குத்தான். கேட்டுக்கிட்டே இருக்காங்க."

மேடம் தண்ணிய வடிச்சுட்டு சரிவ நகத்தால சுரண்டினாங்க. நகம்தான் ஒடிஞ்சுது. நான் போயி மேஸ்திரியக் கூட்டிட்டு வந்தேன்.

"மேல என்னண்ணா பூசினீங்க?"

"சிமெண்ட் பாலும்மா. வெறும் மண்ணா வுட்டா பாக்கறவன் என்னத்தான காறித் துப்புவான்? பளபளன்னு கீதுல்ல?"

"இது கரையணும்ணா."

மேஸ்திரி என்னத் திரும்பிப் பாத்தார். அப்புறம் மேடத்த.

"கரையறதுக்குக் கட்டச் சொன்ன மொத ஆளு நீதாம்மா."

"கட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"பேஜாருப்பா"ன்னுட்டு உளிய எடுத்தார்.

பழசப் பூரா உடைச்சு வெளிய அள்ளினோம். மேடம் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு தொட்டிக்குள்ள எறங்கி களிமண்ண மிதிச்சாங்க. "நான் மிதிக்கிறேன் மேடம்"னேன். "நீ மணலச் சலி"ன்னாங்க. பொழுது சாயறப்போ புதுச் சரிவு நின்னுச்சு. மேஸ்திரிக்குத்தான் கை சும்மா இருக்கல. பூச்சுக் கரண்டிய எடுத்துத் தேய்க்கப் போனார். மேடம் அதப் பிடுங்கி தன் ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்ப இழுத்தாங்க.

"தொழில் சாமான்மா அது. குடு."

"நாளைக்குத் தரேன்ணா."

மறுநாள் காலைல சார் முன்னாடி சேத்த ஊத்தினோம். சரிவு நடுவுல ரெண்டு விரல் ஆழத்துக்கு அறுத்துது. அறுந்த மண்ணு தொட்டி அடியில விசிறி மாதிரி படிஞ்சுது. தொட்டி இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டு சார் கிளாஸுக்குப் போனார். மேடம் மேஸ்திரிக்குக் கரண்டியத் திருப்பிக் குடுத்தாங்க.