கொம்பு முளைத்த நண்டு

கார்த்திகை வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன மறுநாள் கோட்டைக்குப்பத்தில் யாரும் அழவில்லை. அழ நேரமில்லை என்பதுதான் உண்மை. பொழுது விடிந்ததும் ஊரே படகில் ஏறித் தூண் தேடப் போய்விட்டது.

உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் வந்து பழவேற்காட்டில் கோட்டை கட்டியதற்கும் முந்திய பாலம் அது. குப்பத்துக்கும் பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கும் நடுவில் ஏரி ஒரு கையை நீட்டிக் கிடக்கிறதே, அதன் குறுக்கே பனந்தூண் நட்டு, பலகை போட்டு, முப்பாட்டன்மார் கட்டியது. கோட்டைச் சிப்பாய்கள் அதன்மேல் தடதடவென்று நடக்கும்போது ஏதோ தங்கள் பாலம் என்றே நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது. ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு வீட்டுடையது என்பது ஊருக்குத் தெரியும். தூணின் தலையில் அந்தந்த வீட்டு அடையாளம் செதுக்கியிருக்கும். ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்குத் துடுப்பு, பவுனம்மாள் வீட்டுக்கு நண்டு.

தூணுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு. ஏரியில் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாலத்தில் தூண் வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் பாடு. தூண் இல்லாவிட்டால் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டியதுதான்.

பவுனம்மாளின் புருஷன் உலகநாதன் கடலோடு போய்ச் சில வருஷம் ஆகிறது. அவள் முறை வரும்போது அவளுடைய தம்பி சகாதேவன் போய் வலை போட்டு, மீனைக் கொண்டுவந்து அவள் வாசலில் கொட்டுவான். அதில்தான் அவளும் இரண்டு பெண்களும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தார்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்குத் தெம்பு கொடுத்ததும் அந்தப் பாடுதான்.

தூண் வேட்டை ஒரு திருவிழாவாகவே நடந்தது. குப்பத்துத் துளசிங்கத்தின் தூண் கோட்டை மதிலடியில் ஒதுங்கிக் கிடக்க, காவல்காரன் ஒருவன் துப்பாக்கியும் கையுமாக அதற்குப் பாரா கொடுத்துக்கொண்டிருந்தானாம். இன்னொன்று எளாவூர்ப் பக்கம் சேற்றில் தலைகீழாக நின்றதாம். தூண் கிடைத்த ஒவ்வொரு படகும் குலவையோடு கரைக்கு வந்தது. பவுனம்மாளும் சகாதேவனும் மட்டும் தேடிக்கொண்டே காட்டூர் வரைக்கும் போய்விட்டார்கள்.

அங்கே ஆதிநாராயணன் என்ற குடியானவரின் மாட்டுக்கொட்டகைக்கு நடுவே அவள் வீட்டு நண்டு கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றது. வெள்ளம் கொட்டகைத் தூணை இழுத்துப் போன கையோடு இதைக் கொண்டுவந்து போட்டதாகவும், கடவுளாய்ப் பார்த்துக் கொடுத்தது என்று நட்டுவிட்டதாகவும் அவர் சொன்னார். தூணடியில் பசு ஒன்று விடியற்காலையில் ஈன்ற கன்றை நக்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை.

"ஒங்க ஊர்த் தூணாம்மா?" என்று கேட்டார் அவர்.

பவுனம்மாள் கன்றைப் பார்த்தாள். அது எழுந்து நிற்கப் பார்த்து, சறுக்கி விழுந்து, மறுபடியும் எழுந்தது. "எங்களுது மாதிரி தெரிஞ்சுது. இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். படகில் சகாதேவன் தலையில் அடித்துக்கொண்டான். தூண் போனால் பாடும் போகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கூரையைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

வேறு பனை வெட்டலாம் என்றால், குப்பத்து மணலில் இருப்பதெல்லாம் இடுப்பளவு வடலி. தூணுக்கு ஆகாது.

மழை விட்டதும் பாலம் நடுகிற நாள் வந்தது. வரிசையாகத் தூண்கள் இறங்கின. நடுவில் ஒரு இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி இருந்தது. பவுனம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, அந்த இடத்தில் போய் நின்றாள்.

ஊர்த்தலைவர் தெய்வசிகாமணி நாட்டார் கரையிலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பவுனு, இன்னாம்மா இது கூத்து?"

"எங்க வூட்டுத் தூண் நிக்குது மாமா. பலகைய வைங்க."

"எம்மா நேரம் நிப்ப?"

"நீங்க சீட்டுக் குலுக்கி முடிக்கிற வரிக்கும்."

கரையே சிரித்தது. நாட்டாருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஒனக்கு ஒத்துக்கினா நாளைக்கி ஒவ்வொருத்தனும் தூணுக்கு பதிலா மாமியார நிறுத்துவான். தூணு இல்லன்னா பாடு இல்ல. எனக்கு மட்டும் இது ஆசையா?"

அவர் சொன்னது நியாயம்தான். அது அவளுக்கும் தெரியும் என்பதால்தான் தண்ணீரைவிட அந்த வார்த்தை அதிகமாகக் குளிர்ந்தது. சகாதேவன் இறங்கி வந்தான். "நீ கரைக்குப் போக்கா, நான் நிக்கறேன்."

"ஒன் தூணு அதோ கீது. போய் அத்தப் பாரு" என்றாள்.

அப்போதுதான் எதிர்க்கரையில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியைவிட நீளமாக ஒரு முற்றிய பனை. வண்டியோட்டி வந்தவர் ஆதிநாராயணன். அவர் சம்சாரம் முனியம்மா மோர் விற்கப் பழவேற்காட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் தூண் சங்கதி முழுவதையும் கேட்டு வந்து வீட்டில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டாளாம்.

"ஏம்மா, தூணு ஒங்களுதுதானே? ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"கன்னுக்குட்டி நனையும்ல?" என்றாள் தண்ணீரில் நின்றபடியே.

அவர் வண்டியில் கிடந்த பனையைத் தட்டிக் காட்டினார். "இது என் வரப்புல எங்க தாத்தன் வெச்ச பனை. ஒங்க வூட்டுக்குத்தான் கொண்டாந்தேன். அடையாளம் இல்லாம நடக்கூடாதாமே, அதையும் நானே செதுக்கிட்டேன்."

நாட்டார் படகில் அந்தக் கரைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ஆதிநாராயணன் ஆயுசுக்கும் செதுக்கிப் பழகியது நுகத்தடியில் மாட்டுருவம் மட்டுமே. இடுக்கி இரண்டும் கொம்பாக வளைந்து மேலே நின்றன. பின்னால் வால்கூட இருந்தது. நடுவில் திமில் மாதிரி ஏதோ.

"இதுக்குக் கொம்பு கீதே" என்றார் நாட்டார்.

"கடல் நண்டுக்குக் கொம்பு கெடையாதுங்களா?"

கரையில் ஆளுக்கு ஆள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டு அடையாளம் இல்லாத தூணை நட்டால் நாளைக்கு யாராவது கேட்பார்கள். சிரிப்பு மெல்ல அடங்கியது. தூணைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நல்லா பாத்து சொல்லு பவுனு. இது ஒங்க வூட்டு நண்டா?"

பவுனம்மாள் விறைத்த விரலால் அந்தக் கொம்புகளைத் தடவினாள். மாட்டைத் தவிர வேறெதையும் செதுக்கியிராத ஒரு மனிதர் இதற்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க நண்டுதான் மாமா. வெள்ளத்துல காட்டூருக்குப் போயி, வைக்கோல் தின்னுட்டு வந்துக்கீது."

இந்தத் தடவை நாட்டாரும் சிரித்துவிட்டார். படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். சகாதேவனும் துளசிங்கமும் தூணைப் பிடித்து நிறுத்த, பவுனம்மாள் தான் நின்ற குழியிலிருந்து விலகி அதற்கு இடம் விட்டாள்.

பலகை போட்டு முடித்ததும் நாட்டார் நடந்து பார்க்க வேண்டும், அது வழக்கம். ஒவ்வொரு தூணின்மேலும் நின்று வீட்டுப் பேரைக் கூப்பிடுவார். வீட்டு ஆண் பதில் கொடுத்தால் அந்த வீட்டுக்குப் பாடு உறுதி. நடுத்தூணுக்கு வந்து நின்றார்.

"உலகநாதன் வூடு?"

புருஷன் போனதிலிருந்து எதற்கும் அவளுக்காகப் பதில் சொல்வது சகாதேவன்தான். வாயைத் திறந்தவன், கரையில் சொட்டச் சொட்ட நின்ற அக்காளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"கீது" என்றாள் பவுனம்மாள்.

நாட்டார் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரண்டு கரைக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் கூப்பிட்டார்.

"பவுனம்மா வூடு?"