பின் ஸ்பிரிங்கில் பிடித்த பனி

காலையில் எழுந்து பல் துலக்கி, பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்து, டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வல்லரசு ரப்பர் சுத்தியலோடு வாசலுக்கு வருவான். பைக்கின் ஷாக் அப்சார்பர்களில் பிடித்திருக்கும் பனிக்கட்டியைத் தட்டி உதிர்ப்பான். விழுப்புரத்தில் அப்போது கத்திரி வெயில். பனி முன் ஃபோர்க்கில் முழங்கை கனத்துக்கும், பின் ஸ்பிரிங்குகளில் உரித்த தேங்காய் பருமனுக்கும் உறைந்திருக்கும். உதிர்த்து முடித்துக் குளித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வெப்ப இயக்கவியல் நடத்தப் புறப்படுவான்.

பனி பிடிக்கத் தொடங்கியது அவன் மனைவி கலைமதியை எடுத்த மறுநாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மஸ்கட்டிலிருந்து அவள் தம்பி வந்து சேரும்வரை உடலை வாடகை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பந்தலில் இடம் போதாமல் பைக்கைப் பெட்டியோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். காரியம் முடிந்ததும் பெட்டிக்காரர் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். குளிர் கூடப் போகவில்லை, பைக்கிலேயே தங்கிவிட்டது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் முருங்கைக்காய் விற்ற விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மீன் விற்கும் வீரம்மாள் மட்டும் அன்னக்கூடையோடு வந்து உதிர்ந்த கட்டிகளைப் பொறுக்கிக்கொள்வாள். "ஃபேக்டரி ஐஸு நாலு தெரு சுத்தறதுக்குள்ள தண்ணியா ஓடிடுது தம்பி. உங்க வண்டி ஐஸுல சாயங்காலம் வரைக்கும் மீனு முழிச்சிக்கினு இருக்குது" என்பாள். பதிலுக்கு ஞாயிறுதோறும் ஒரு கை நெத்திலி வைத்துவிட்டுப் போவாள்.

தெருவுக்கு லாபம், வண்டிக்குக் கேடு. எவ்வளவு தட்டினாலும் கல்லூரி வாசலில் நிற்பதற்குள் மறுபடி பூத்துவிடும். உறைந்த ஸ்பிரிங் அசையாது. சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகச் சட்டத்தில் போய் அடிக்கும். மயிலம் ரோட்டருகே ஒருநாள் சேஸிஸில் விரிசல் விட்டது. மெக்கானிக் சுப்பராயலு வெல்டிங் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "இன்னொரு தபா விட்டுச்சுன்னா காயலாங்கடைதான் சார். பனி புடிக்காம பண்ணுங்க. இல்லன்னா ஜல்தியா வித்துட்டு வேற வண்டி பாருங்க." வல்லரசுக்கு விற்க மனமில்லை. கலைமதி ஏறி உட்கார்ந்த வண்டி அது ஒன்றுதான். திருவக்கரைக் கல்மரங்களுக்கும், மண்டகப்பட்டுக் குகைக்கும், மளிகைக்கும் அதில்தான் போனார்கள்.

பனிநாடுகளில் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி இருக்கிறது. முன்னால் சறுக்குக்கட்டை, பின்னால் பட்டைச் சக்கரம். அதன் ஸ்பிரிங்குகளில் பனி இறுகாமல் காப்பது எப்படி என்று அந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். வல்லரசு எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டான். கனடாக்காரர் ஒருவர் அவன் ஊரின் வெப்பநிலையைக் கேட்டார். முப்பத்தெட்டு என்றான். மைனஸா என்றார். இல்லை என்றான். அதே முறைதான், ஈரம் துடைத்து எண்ணெய் பூசவும் என்று பதில் வந்தது. சிலிக்கான் ஸ்பிரே அடித்தான். சைக்கிள் டியூபை வெட்டி உறை மாட்டினான். நிறுத்துமுன் வண்டியை அழுத்தி அழுத்தி ஆட்டினான். கடைசியில் சுப்பராயலு கொண்டுவந்த மல்லாட்டை எண்ணெய்தான் பிடித்தது. அந்தக் கடலை எண்ணெய் பூசிய முன் ஃபோர்க்கில் அதற்கப்புறம் பனி ஒட்டவேயில்லை.

பின்பக்கம் மட்டும் கேட்கவில்லை. சுப்பராயலு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "சும்மா நிக்கற வண்டி இவ்ளோ அழுந்தாது சார். யாரோ பின்னால குந்திக்கினு இருக்கற மாதிரி இல்ல இருக்குது?" வல்லரசு சுத்தியலால் தட்டினான். பனி உதிர்ந்தது. சீட்டு மெல்ல மேலெழுந்தது, ஓர் ஆள் இறங்கினால் எழுவதுபோல. அது எந்த அளவுக்கு எழும் என்பது அவனுக்குத் தெரியும். ஐந்து வருடம் அவள் இறங்கும்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் எழுந்த அளவுதான். அப்படியானால் இத்தனை மாதமாக, டீ குடித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்து, தினமும் அவளை அடித்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

சுத்தியலைச் சுப்பராயலுவிடமே கொடுத்துவிட்டான். "அட, ஒருநாள் பூரா நடுவெயில்ல விடுங்க சார். அடியோட வுட்டுப்பூடும்" என்றார் அவர். வண்டி பிழைக்க வேறு வழியில்லை. கல்லூரி மைதானத்தில் நிறுத்திவிட்டு எதிரே நின்றான். நீர் சொட்டத் தொடங்கியது. சீட்டு இம்மியிம்மியாக உயர்ந்தது. பாதி எழுந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் விட்டான். மாலைக்குள் பனி பழைய பருமனுக்கு வந்து, சீட்டும் பழையபடி தாழ்ந்தது.

அதன்பிறகு ஸ்பிரிங்கே வேண்டாத வேகத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டான். லாரிக்காரர்கள் தலையை நீட்டி, "இன்னா சார், மாடு பூட்டலாமா?" என்பார்கள். முன்னால் எண்ணெய், பின்னால் பனி, நிறுத்துவது நிழலில் என்று வருடங்கள் போயின. சேஸிஸில் மறுபடி விரிசல் விடவில்லை. மாமியார் அம்சா ஒவ்வொரு திதிக்கும் வந்து, வண்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்து, "சில்லுன்னு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்வாள். மூன்றாம் வருடம்தான் கேட்டாள். "எம்பொண்ணு கடசியா இன்னாதான் சொன்னா மாப்ள?"

அதுவரை யாருக்கும் அவன் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை விட இடமில்லாமல் அவன் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் அவன் தோளைப் பிடித்து இறங்கி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னது.

"நான் முன்ன போய்க்கினு இருக்கேன். நீ வண்டிய நெழல்ல விட்டுட்டு மெதுவா வா."