மிலோய்கா மறைக்கச் சொன்ன மூன்று

1

இந்தக் கதை ஒரு தாளில் எழுத்தை மறைத்த கறுப்புக் கோட்டிலிருந்து கிடைத்தது. எங்கள் ஸ்லோவேனிய மலையூரில் ஆல்பினின் தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பக்கத்து ஆப்பிள் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்று ஊராட்சியிடம் எழுதிக் கேட்டார். முழுக்கக் கறுப்படித்த தாள் வந்தது. காரணம், தனிப்பட்ட தகவலாம். அடுத்த மருந்தடிப்புக்குள் விவரம் தெரியாவிட்டால் மிச்சப் பெட்டிகளும் காலி.

2

"தகவல் ஆணைய அதிகாரி மிலோய்கா நீதியின் வாளை ஏந்தி..." [வேண்டாம். அவர் கையில் இருந்தது பாதி தின்ற ரொட்டி.]

ஆல்பின் முறையிட்டது அவரிடம்தான். அவர் அலுவலகத்துக்கு இரண்டு வேலை. அரசு மறைப்பதைத் திறக்க வேண்டும்; மனிதர்களின் அந்தரங்கத்தைப் பூட்டவும் வேண்டும். இரண்டு சாவியும் ஒரே கையில். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

3

தோட்டக்காரரின் பெயரை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுக்கச் சொன்னார் மிலோய்கா. ஊராட்சி எழுத்தர் ஸ்டோயான் புதுத் தாளோடு வந்தார்.

"குடும்பப்பெயரை அடிச்சிட்டேன் மேடம். வெளிச்சத்துல புடிச்சாலும் தெரியாது."

"கீழ '████ வீடு'ன்னு இருக்கே?"*

"அது வீட்டுப்பெயர்தானே?"

"ஊர்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"மேட்டுவீட்டு ஸ்டோயான்."

"குடும்பப்பெயர் சொன்னா?"

"தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்..." என்று இழுத்தவர், பேனாவைத் தேடினார்.

(எங்கள் ஊரில் வீடு கைமாறினாலும் அதன் பெயர் மாறாது, குடிவந்தவர்மேல் ஒட்டிக்கொள்ளும்.)

* மறைத்தது நான். நீங்களும் இந்தப் பக்கம் வரக்கூடும்.

4

ஆல்பின் தொலைபேசியில் மிலோய்காவிடம் கொதித்தார்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

"பேசவா, அடிக்கவா?"

"மொதல்ல பேச்சுதான்."

"பேர் தெரிஞ்சா தேனீ பொழைக்குமா ஆல்பின்?"



[முடிவு அ: அவர் தோட்டக்காரரின் டிராக்டரை... இல்லை. முடிவு ஆ: இருவரும் சேர்ந்து பிளம் சாராயம் குடிக்கிறார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.]

5

உங்களுக்கும் அந்தப் பெயர் வேண்டும், தெரியும். தர மாட்டேன். ஆல்பினின் கோபம் தீர்ந்ததா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொல்லக்கூடியது நடந்ததை மட்டும்தான்: மிலோய்கா சொன்னபடி குடும்பப்பெயர், வீட்டுப்பெயர், ஆளைக் காட்டிக்கொடுக்கும் நில எண் மூன்றும் மறைந்தன, மருந்தின் பெயரும் அடித்த நேரமும் வெளியே வந்தன. அது ஈரமாக இருக்கும்வரை மட்டுமே தேனீயைக் கொல்லும் மருந்து. இப்போது மருந்தடிப்புக்கு முந்தைய மாலையே ஸ்டோயான் தேனீ வளர்க்கும் எல்லோருக்கும் நேரத்தை அறிவிக்கிறார். ஆல்பின் பெட்டிகளின் வாயை அடைத்து, மருந்து காய்ந்தபின் திறந்துவிடுகிறார்.