பெட்டிக்குப் பக்கத்தில் இடம்

ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு இரண்டடி தள்ளி லோகநாதன் போர்வையை விரித்தபோதே, மனுஷன் பிடிவாதமாகத்தான் வந்திருக்கிறான் என்று ஞானாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. மைதானத்தில் இடத்துக்கா பஞ்சம்? "முழுக்க முழுக்க எலக்ட்ரானிக் இசை" என்று இரும்புலியூர் வரை சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மேடையில் தபேலா இல்லை, வயலின் இல்லை. இரண்டு கீபோர்டு, தாளத்துக்கு ஒரு ரிதம் பாக்ஸ், மூன்றே ஆட்கள். ஆனால் சிட்லபாக்கத்திலிருந்து இரண்டே கால் வயது ரவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் தாம்பரம் வந்தது பாட்டுக் கேட்க அல்ல.

ரவிக்கு இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. மாமியார் தினமும் வசம்பு உரசி நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். அவர்கள் வம்சத்தில் ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்களாம். லோகநாதனுக்கு அது வேதவாக்கு. ஞானாம்பாளோ குழந்தையின் முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடியைக் கீழே போட்டுப் பார்த்தவள். ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை. திங்கட்கிழமை காது டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். நேற்று அது அவன் கையில் அகப்பட்டுவிட்டது.

"எம்புள்ளைய செவிடுன்னு எழுதி வாங்கப் போறியா?" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவன், காலையில் இந்த யோசனையோடு எழுந்தான். "கச்சேரிக்குப் போவோம். அவ்ளோ சத்தத்துல அவன் அசையலன்னா நானே டாக்டர்கிட்ட வரேன். அசைஞ்சான்னா சீட்டைக் கிழிச்சிடணும். சம்மதமா?"

அசட்டுத்தனமாக அவளும் தலையாட்டிவிட்டாள்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் தரையே அதிர்ந்தது. ரவி கண்ணை அகல விரித்தான். தள்ளாடிப் போய்ப் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். கலகலவென்று சிரித்துத் தாளத்துக்குச் சரியாக முழங்காலை மடக்கி மடக்கிக் குதித்தான்.

"பாத்தியா! பாத்தியா ஞானம்!" லோகநாதனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அவளும் நம்பினாள். ஒரு முழுப் பாட்டு நேரம், சத்தியமாக, வயிறு குளிர நம்பினாள்.

ஒயரைச் சரிசெய்ய வந்த மைக் செட் சிட்டிபாபுதான் அதைக் கெடுத்தார். "இன்னாம்மா, பச்சக் கொயந்தய இட்டுகினு வந்து பொட்டிகிட்ட வுட்டுக்கீறியே. காது இன்னாத்துக்கு ஆவும்? தூக்கு தூக்கு."

தூக்கினாள். பாட்டு அதே சத்தத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ரவியின் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே இறங்கத் திமிறினான். இறக்கிவிட்டாள். கை பெட்டியில் பட்டதும் சிரிப்பு. மறுபடி தூக்கினாள். நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"ஏன் தூக்கித் தூக்கி இறக்குற? கேக்கட்டும், விடு."

"அவன் கேக்கலீங்க."

"பின்ன எதுக்குச் சிரிக்கிறான்?"

அவள் குழந்தையை இறக்கிவிட்டு, கணவனின் கையைப் பிடித்து இழுத்து, ரவியின் கைக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினாள். உள்ளிருந்து தாளம் உள்ளங்கையில் வந்து முட்டியது. லோகநாதன் அவளைப் பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

அப்போது மேடையில் ரிதம் பாக்ஸை நிறுத்தினார்கள். கீபோர்டில் புல்லாங்குழல் மட்டும் தனியாக எழுந்தது. மைதானத்தின் கடைசி வரிசைவரை விசில் பறந்தது.

பெட்டி அதிராமல் அடங்கிவிட்டது. ரவி அதை அண்ணாந்து பார்த்தான். உள்ளே யாரோ கதவைச் சாத்திக்கொண்டதுபோல, சின்னக் கையை மடக்கி இரண்டு முறை தட்டினான். காத்திருந்தான். மறுபடியும் தட்டினான்.

லோகநாதன் கையை எடுக்கவில்லை.